அவரைவிட ஐயாயிரம் கூடுதல்

வீடு வாங்குகிறவர்களில் பல ரகம் உண்டு. சுவரைத் தட்டிப் பார்த்து வாங்குகிறவர் ஒரு ரகம். மனைவியின் முகத்தைப் பார்த்து வாங்குகிறவர் இன்னொரு ரகம். அமெரிக்காவின் மேற்குக் கரையில், எங்கள் டகோமா நகரத்து மழையில் மூன்றாவதாக ஒரு ரகம் செழித்து வளர்ந்திருக்கிறது. இவர் வீட்டைப் பார்ப்பதே இல்லை. வீட்டைப் பார்க்க வந்திருக்கும் மற்றவர்களைப் பார்ப்பார்.

தெரியாதவர் போல முகத்தை வைத்துக்கொள்ளாதீர்கள். உங்களுக்கும் இவரைத் தெரியும். நீங்கள் ஐந்து மைல் ஓடினேன் என்றால் இவர் ஆறு மைல் ஓடியிருப்பார். உங்களுக்கு முதுகு வலி என்றால் இவருக்கு முதுகோடு கழுத்தும் வலிக்கும். சர்ச் விருந்துக்கு நீங்கள் ஒரு பாத்திரம் உருளைக்கிழங்கு சாலட் கொண்டுபோனால், இவர் இரண்டு பாத்திரம் சாலட்டோடு, தன் கையாலேயே புகையில் வாட்டிய சால்மன் மீனையும் தூக்கிக்கொண்டு, கதவைக் காலால் தள்ளித் திறந்துகொண்டு வருவார். அவருக்கு சாலட் பிடிக்குமா? அதை யார் கேட்டார்கள்?

இப்படிப்பட்டவருக்கென்றே எங்கள் ஊர் வீட்டுத் தரகர்கள் ஒரு வரம் வைத்திருக்கிறார்கள். ஏறுமுக ஷரத்து என்று பெயர். 'இந்த வீட்டுக்கு இவ்வளவு தருகிறேன். வேறு யாராவது அதற்கு மேல் கேட்டால், அவரைவிட ஐயாயிரம் டாலர் கூடுதலாகத் தருகிறேன். அவரும் ஏறினால் நானும் ஏறுவேன், இன்ன எல்லை வரைக்கும்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டால் போதும். தனக்கு என்ன வேண்டும் என்று தனக்கே தெரியாத மனிதருக்கு இதைவிட வசதி வேறு என்ன இருக்கிறது?

துறைமுக அலுவலகத்தில் வேலை பார்க்கும் டெரில் இந்த ரகத்தில் முதல் தரம். ஒரு வருஷமாக வீடு தேடி, ஆசைப்பட்ட வீட்டையெல்லாம் அடுத்தவனிடம் பறிகொடுத்தவர். ஆனால் அவர் வீடு தேடியது விளையாட்டுக்கு அல்ல. மனைவி மார்னியின் அப்பா ஆர்விட், அலாஸ்காவரை போய் மீன் பிடித்துவந்த மனிதர், இடுப்பு எலும்பு உடைந்து இவர்களோடு வந்து தங்கியிருந்தார். குடியிருந்ததோ மூன்றாவது மாடி. லிஃப்ட் கிடையாது. கடலிலேயே வாழ்ந்தவர் கீழே இறங்கி மழையில் நிற்கக்கூட முடியாமல் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். அதைப் பார்க்கும்போதெல்லாம் டெரிலுக்கு நிஜமாகவே நெஞ்சு வலித்தது. ஆர்விட்டுக்கு வலித்ததைவிடக் கொஞ்சம் கூடுதலாக என்று அவரே சொல்லிக்கொள்வார்.

விலைக்கு வந்த ஒரு பச்சை வீட்டை எல்லோருக்கும் திறந்து காட்டிய ஞாயிற்றுக்கிழமை, நர்ஸான மார்னிக்கு ஆஸ்பத்திரியில் டியூட்டி. டெரில் மட்டும் போனார். வாசலில் எல்லோரையும் போலக் காலணிக்கு மேல் நீல உறை மாட்டிக்கொண்டு கூடத்தின் நடுவில் நின்றார். மார்னி ஃபோனில் கூப்பிட்டாள்.

"கீழ ஒரு ரூம் இருக்குல்ல, அதுக்குப் பக்கத்துல பாத்ரூம் இருக்கா பாரு. அது ஒண்ணுதான் முக்கியம். அப்பாவால படி ஏற முடியாது."

"மார்னி, செம கூட்டம். ஆரஞ்சுத் தொப்பி போட்ட ஒருத்தன் டேப்பு வச்சு ஜன்னலை அளக்குறான்."

"அவன் எதையாவது அளக்கட்டும். பாத்ரூம் இருக்கா?"

"அவன் பொண்டாட்டி திரைத்துணி கலரு பேசுறா. வாங்கியே தீரணும்னு வந்திருக்காங்க."

"டெரில்."

"இருக்கு, எல்லாம் இருக்கு. இல்லாமலா இத்தனை பேரு வருவாங்க?"

எவ்வளவு அழகான வாதம் பாருங்கள்.

செவ்வாய்க்கிழமை விலை சொல்லக் கடைசி நாள். தரகர் கோலெட் பொறுமைசாலி. வீட்டை ஆளை வைத்துப் பரிசோதித்துவிடலாம் என்று சொல்லிப் பார்த்தார். தொப்பிக்காரன் பரிசோதனையே வேண்டாம் என்று எழுதி, விற்பவர் மனதைப் பிடித்துவிட்டால் தன் கதி என்ன என்று டெரில் கேட்டார். பிறகு கோலெட், "மேல் எல்லை எவ்வளவு போடட்டும்?" என்றார்.

"மத்தவங்க எவ்வளவு போட்டிருக்காங்க?"

"அது எனக்கு எப்படி சார் தெரியும்? உங்களுக்கு அந்த வீடு எவ்வளவு பெறும்? அதைச் சொல்லுங்க."

இந்தக் கேள்வியை டெரிலிடம் யாரும் கேட்டதில்லை. கடைசியில் வங்கி எவ்வளவு கடன் தருமோ அதுதான் எல்லை என்று எழுதிக் கொடுத்தார்.

தொப்பிக்காரரும் ஏறுமுக ஷரத்து போட்டிருந்தார். ஆள் இல்லாமலே இரண்டு காகிதங்களும் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு ஏறின. அவருடைய எல்லை முதலில் தீர்ந்தது. டெரில் ஜெயித்தார். அன்று மாலை ஆர்விட்டைக் கட்டிக்கொண்டு, "மாமா, இனி நீங்க நினைச்ச நேரத்துல வெளிய போகலாம்" என்றார். கிழவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

குடிபோன அன்று மார்னி கீழ்த்தளம் முழுக்க ஒவ்வொரு கதவாகத் திறந்து பார்த்தாள். துணி அலமாரி. சாமான் அறை. நிலவறைக்குப் போகும் படி. பாத்ரூம் மாடியில் இருந்தது. அங்கே மட்டும்தான் இருந்தது.

"ஒரே ஒரு விஷயம்தான் பாக்கச் சொன்னேன்" என்றாள். சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் தேவலை.

டெரில் படிக்கட்டில் உட்கார்ந்து தலையில் கை வைத்துக்கொண்டார். "ஒரு மனுஷன் எவ்வளவு முட்டாளா இருக்க முடியும் மாமா?"

"இருக்கிறதுலயே பெரிய முட்டாள் எவனோ, அவனைவிட ஐயாயிரம் கூட, மாப்ள" என்றார் ஆர்விட். பிறகு ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவிட்டு, முதல் படியில் கை வைத்து, கைக்குழந்தை போலத் தவழ்ந்து ஏற ஆரம்பித்தார். டெரிலால் அதைப் பார்க்க முடியவில்லை.

மறுநாள் படிக்கட்டுக்குக் கைப்பிடி வாங்கச் சாமான் கடைக்குப் போனார். அங்கே ஆரஞ்சுத் தொப்பி.

"பச்சை வீடு நீங்கதானே? ரெண்டாவதா வந்தது நாங்கதான்" என்று கை குலுக்கினார் தொப்பிக்காரர். "நிஜத்தைச் சொல்லட்டா? எங்களுக்கு அது அவ்வளவாப் பிடிக்கல. கீழ பாத்ரூமே இல்லையே. ஆனா நீங்க கூடத்துல நின்னுக்கிட்டு எங்களையே முறைச்சுப் பாத்தீங்க. 'இந்த ஆளுக்கு இந்த வீட்டைப் பத்தி என்னமோ தெரிஞ்சிருக்கு, விடாதே'ன்னு என் வீட்டுக்காரி சொல்லிட்டா. நல்லவேளை, தோத்துட்டோம். இப்ப ரெண்டு தெரு தள்ளி வாங்கியாச்சு. மாடியே கிடையாது. பாத்ரூம் ரெண்டு, ரெண்டும் கீழயே."

டெரிலுக்கு மாமா படியில் தவழ்ந்தது நினைவுக்கு வந்தது. மனம் வெந்தது. வாழ்த்துக்கள் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார்.

"எவ்வளவுக்கு?"

அவர் சொன்னார்.

"அதுக்கு மேல ஐயாயிரம் தரேன்" என்றது டெரிலின் வாய். கையில் இருந்த கைப்பிடியையே கடன் அட்டையில்தான் வாங்க வேண்டியிருந்தது.

தொப்பிக்காரர் சிரிக்கவில்லை. கண்ணைச் சுருக்கிக்கொண்டு அருகில் வந்தார். "ஏன் சார், எங்க வீட்டைப் பத்தி உங்களுக்கு ஏதாவது தெரியுமா?"

அந்த ஊரில்தான் இப்படி என்று நீங்கள் நிம்மதியாகச் சாய்ந்துகொள்கிறீர்கள். சரி. ஓட்டலில் பக்கத்து மேஜைத் தட்டைப் பார்த்துவிட்டு 'அதுவே ஒண்ணு' என்று சொன்னவர் யார்? எதற்கென்று தெரியாமலே நீள வரிசையில் போய் நின்றவர் யார்? நீங்கள் இல்லை. ஒப்புக்கொள்கிறேன். ஒரு சின்னச் சோதனை மட்டும் செய்து பாருங்கள். இதைப் படித்து உங்களுக்குச் சிரிப்பே வரவில்லை என்றால், பக்கத்தில் இருப்பவரிடம் படிக்கக் கொடுங்கள். அவர் சிரித்தால், நீங்கள் அவரைவிடக் கொஞ்சம் கூடுதலாகச் சிரிப்பீர்கள்.