தேரி வண்டிக்கு நெற்றி எது?

ஓடுகிற, கொதிக்கிற, அழுகிற எந்தப் பொருளையும் இரண்டு விசிலில் கிளப்பி ஒரு விசிலில் நிறுத்திவிடலாம் என்று மனமார நம்பி வாழும் ஒரே மனிதர், நான் அறிந்தவரையில், வண்ணார்பேட்டை விசில் அண்ணாச்சிதான். பேருந்து நடத்துநராக இருந்து ஓய்வு பெற்றவர். பணி முடிந்த அன்று தோல்பையைத் திருப்பிக் கொடுத்தார்; சீருடையைக் கழற்றி மடித்தார்; விசிலை மட்டும் கழுத்திலிருந்து இறக்க மறுத்துவிட்டார்.

சமூகப்பணியில் முதுகலை முடித்து, பாளையங்கோட்டையில் ஒரு தொண்டு நிறுவனத்தில் வேலை கிடைத்து, அவர் வீட்டு மாடிக்கு நான் குடிவந்தேன். பெட்டியோடு முதல் படியில் கால் வைத்ததும் கீழே ஒரு விசில் பறந்தது. திடுக்கிட்டு நின்றேன்.

"ஒரு ஆளு எறங்குதுல்லா? எறங்குனபொறவு ஏறும்," என்றார் அண்ணாச்சி.

மேலிருந்து ஒரு பூனை, அவசரமே இல்லாமல், இறங்கிப் போனது.

சாப்பாட்டு இலையின் முன்னால் இரண்டு விசில் என்றால் சாம்பார் வரலாம். ஒரு விசில் என்றால் போதும். இந்த ஏற்பாட்டைத் தெருவில் எல்லாரும் அறிந்திருந்தார்கள். பரிமாறுகிற கோமதி மதினி மட்டும் அதை ஒருநாளும் மதித்ததில்லை. (அண்ணாச்சியின் மனைவி என்பதால் எனக்கு அவர் மதினி.) "ஊதுத வாய்ல எப்பிடிச் சோறு போவும்?" என்று கேட்டுவிட்டு, தமக்குத் தோன்றிய அளவைப் போட்டுவிட்டுப் போவார். ஒருமுறை எங்கள் தெருவில் ஓர் இறுதி ஊர்வலம் மாலைக்காகக் காத்து நின்றது. வாசலில் நின்ற அண்ணாச்சி பழக்கதோஷத்தில் இரண்டு விசில் கொடுத்துவிட்டார். தூக்கியவர்கள் கிளம்பிவிட்டார்கள். மாலையோடு வந்த சம்பந்தி வண்ணார்பேட்டை முனை வரைக்கும் ஓட வேண்டியதாயிற்று.

அவருக்கு இன்னொரு பெருமையும் உண்டு. வாழ்நாள் முழுவதும் பேருந்தின் பின்படியில் நின்றதால், சத்தத்தை வைத்தே எந்த எந்திரத்தின் நோயையும் சொல்லிவிடுவாராம். சொல்லத்தான் செய்தார். அவர் சொன்ன நோய் எந்த எந்திரத்துக்கும் இருந்ததில்லை. எதிர்வீட்டு மிக்சியைக் காது கொடுத்துக் கேட்டுவிட்டு, "மூணாவது கியர் விழலவே," என்று அறிவித்தவர் அவர்.

இத்தகைய ஒருவர் தேரிமணலில் ஓடும் வண்டி ஒன்றைச் செய்யத் தீர்மானித்ததற்குக் காரணம், துபாயிலிருக்கும் அவருடைய மருமகன் அனுப்பிய ஒரு காணொளி என்றுதான் ஊர் நினைத்தது. பாலைவனத்தில், கூரையில்லாத கம்பிக்கூண்டு வண்டியொன்று மணல்மேட்டில் ஏறிப் பறந்து இறங்குகிற படம். "அங்கன ஓடுனா இங்கன ஓடாதா? அதும் மண்ணு, இதும் மண்ணு," என்று வருவோர் போவோரிடமெல்லாம் காட்டினார்.

உண்மைக் காரணம் மதினியின் முழங்கால்.

எங்கள் பக்கத்தில் பங்குனி உத்திரத்தன்று ஒவ்வொரு குடும்பமும் தங்கள் சாஸ்தாவைத் தேடிப் போய்ப் பொங்கலிடும். இவர்களுடைய சாஸ்தா, ஏரலுக்கும் தெற்கே, சிவந்த மணல் மேடுமேடாகக் குவிந்து கிடக்கும் தேரிக்காட்டின் நடுவில் இருக்கிறார். தார்ச்சாலை முடிகிற இடத்திலிருந்து மணலில் கால் புதையப் புதைய நடக்க வேண்டும். அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு மதினியின் முழங்கால் மடங்கினால் நிமிராது, நிமிர்ந்தால் மடங்காது. டிராக்டரில் ஏற வழியில்லை. நாற்காலியில் வைத்துத் தூக்கிப் போக உறவுக்காரர்கள் முன்வந்தபோது, "நாலு பேரு தூக்கிட்டுப் போற யோகம் தன்னால வரும். இப்ப என்ன அவசரம்?" என்று மறுத்துவிட்டார். அதனால் சில ஆண்டுகளாக, மற்றவர்கள் பொங்கலிட்டுத் திரும்பும்வரை, சாலை முடிவில் காருக்குள் அரிசிப் பையை மடியில் வைத்துக்கொண்டு அவர் தனியே காத்திருந்தார். அதைப் பற்றி மதினி ஒரு சொல்லும் சொன்னதில்லை. மற்ற எல்லாவற்றையும் பற்றிச் சொல்கிறவர் இதைப் பற்றிச் சொல்லாததுதான் அண்ணாச்சியைக் குடைந்திருக்க வேண்டும்.

வெல்டிங் பட்டறை வைத்திருக்கும் சாகுல் பாய் வண்டியைக் கட்டினார். பழைய வேன் ஒன்றின் என்ஜின், அகன்ற சக்கரங்கள், முழங்காலை மடக்காமலே ஏறும்படி தாழ்ந்த தளம். உடைத்துப்போட்ட பேருந்திலிருந்து ஓர் இருக்கை வந்தது. அதன் முதுகில் ‘மகளிர்’ என்று எழுதியிருந்ததை அழிக்க அண்ணாச்சி அனுமதிக்கவில்லை. அந்த இருக்கைக்குச் சற்றுப் பின்னால், காதுயரத்தில், ஒரு மோட்டார் சைக்கிளின் பெட்ரோல் டேங்க். எல்லாவற்றுக்கும் பின்னால், நடத்துநர் நிற்க ஒரு படி.

அண்ணாச்சிக்கு வண்டி ஓட்டத் தெரியாது என்பது அப்போதுதான் எல்லாருக்கும் நினைவு வந்தது. நான் அலுவலக ஜீப் ஓட்டுவேன். "வாரும்வே டிரைவரே," என்றார். ஓட்டுநர்களை அழைக்க அவருக்குத் தெரிந்த முறை அது ஒன்றுதான். அன்று முதல், பெண்ணாகிய நானும் ‘வே’ ஆனேன்.

விளைவுகளை எண்ணிப் பார்க்காமல் எதிலும் இறங்காதே என்பது என் படிப்பு எனக்குக் கற்றுத்தந்த பாடம். ஆகவே நிபந்தனைகள் விதித்தேன். பதிவு எண் இல்லாத வண்டி சாலையில் ஓடக் கூடாது. தேரிவரை மினி லாரியில்தான் போக வேண்டும். நிலத்துக்காரர்களின் அனுமதி வேண்டும். மாட்டுவண்டித் தடத்தை விட்டு விலகி, ஒரு கொல்லாங்கன்றை, அதாவது முந்திரிக் கன்றைக்கூட மிதிக்கக் கூடாது. இடுப்புப் பட்டையும் தலைக்கவசமும் கட்டாயம். ஒவ்வொன்றுக்கும் அண்ணாச்சி இரண்டு விசில் கொடுத்து ஒப்புதல் அளித்தார்.

மூடிக்கிடந்த ஓர் அரிசி ஆலையின் களத்தில் சாகுல் பாய் முதலில் ஓட்டிக் காட்டினார். வண்டி தேர்போலப் போயிற்று. பிறகு பூசை போட்டோம். அங்கேதான் சிக்கல் பிறந்தது.

வண்டிக்கு நெற்றி எது? இந்தக் கேள்வியில் அண்ணாச்சி ஒரு காலைப் பொழுதைச் செலவழித்தார். பேருந்தென்றால் முன்கண்ணாடிக்கு மேலே இடமிருக்கும். காரென்றால் பானெட் உண்டு. இதுவோ வெறும் கம்பிக்கூண்டு. சுற்றிச் சுற்றி வந்தார், குனிந்து பார்த்தார், கடைசியில் பெட்ரோல் டேங்கின் வட்டமான மூடியைக் கண்டதும் அவர் முகம் மலர்ந்தது.

"இதாம்வே நெத்தி! உருண்டையா, உச்சியில, பளபளன்னு இருக்கு பாரும்."

சாஸ்தா கோயிலிலிருந்து கொண்டுவந்து வைத்திருந்த சந்தனத்தைக் குழைத்து மூடியின்மேல் தாராளமாக அப்பி, நடுவில் குங்குமம் வைத்தார். நான் வண்டியைக் கிளப்பினேன். களத்தை ஒரு சுற்றுச் சுற்றியது. இரண்டாவது சுற்றில் திக்கியது, திணறியது, நின்றது.

அண்ணாச்சி ஒரு நீண்ட விசிலை ஊதிக்கொண்டே மூடியைத் திறந்து பார்த்தார். பெட்ரோல் நிறைய இருந்தது. மூடினார். கிளப்பினால், உடனே கிளம்பியது! மறுபடி ஒரு சுற்று, மறுபடி மரணம். மறுபடி திறந்து பார்த்தார், உயிர் வந்தது.

"வண்டிக்குச் சந்தேகம்வே," என்று தீர்ப்புச் சொன்னார். "பெட்ரோல் இருக்கா இல்லையான்னு. தொறந்து காட்டுனா நம்பிக்கை வருது. பொறவு மறந்துருது."

பிளக்கை மாற்றினோம். பெட்ரோலை வடித்துப் புதிதாக ஊற்றினோம். குழாய்களை ஊதினோம். சாகுல் பாய் கார்புரேட்டரைக் கழற்றிக் கழற்றி, "மரையே தேஞ்சி போச்சி அண்ணாச்சி! மொத நாளு நான் ஓட்டயில கப்பலு மாதிரி போச்சுல்லா? ஒங்க கைக்கு வந்தபொறவுதான இந்தக் கோளாறு?" என்று அங்கலாய்த்தார்.

"அப்ப என் கை ராசியில்லாத கைங்கீரோ?"

"கையச் சொல்லல. விசிலச் சொல்லுதேன். எஞ்சின் பயந்து சாவுது."

நானும் என் பங்குக்கு எல்லாரையும் உட்காரவைத்து ஒரு கலந்துரையாடல் நடத்தினேன். சிக்கலுக்கு ஒற்றைக் காரணம் இருக்காது, பல காரணிகளின் கூட்டு விளைவாக இருக்கும் என்று விளக்கினேன். எல்லாரும் தலையாட்டி, தேநீர் குடித்து, கலைந்தார்கள். வண்டி கலந்துகொள்ளவில்லை.

ஒவ்வொரு தோல்விக்குப் பிறகும் அண்ணாச்சி கண்ணேறு கழித்தார். எலுமிச்சை நசுங்கியது, பூசணி உடைந்தது. கடைசியில் சாஸ்தாவை வேண்டி, நெற்றியில் இன்னொரு பூச்சு சந்தனம். வண்டி முன்னைக்காட்டிலும் சீக்கிரம் நின்றது. அவர் பக்தியை இன்னும் கூட்டினார்.

இப்படியே பங்குனி உத்திரம் வந்துவிட்டது.

தார்ச்சாலை முடிவில் மினி லாரியிலிருந்து வண்டியை இறக்கினோம். மதினி பிச்சிப்பூ வைத்து, பூவின்மேல் தலைக்கவசத்தை மாட்டி, மடியில் பொங்கல் பானையோடு மகளிர் இருக்கையில் அமர்ந்தார். உச்சிப் பூசைக்குள் பொங்கி இறக்க வேண்டும். அண்ணாச்சி பின்படியில் ஏறி இரண்டு விசில் கொடுத்தார்.

முதல் மேட்டில் ஏறினோம்; நின்றோம். ஒரு விசில், மூடி திறப்பு, மறுபடி கிளம்பினோம். அடுத்த பனைமரத்தடியில் நின்றோம். தலையில் விறகோடு நடந்துபோன உறவுக்காரப் பையன்கள் எங்களைக் கடந்தார்கள்.

"என்ன மாமா, எக்ஸ்பிரஸ்னு சொன்னீரு! பனைக்குப் பனை ஸ்டாப்பிங்கா?"

"ஏலே, பேசாமப் போறியளா, எறங்கி வரட்டுமா?" என்று அண்ணாச்சி சீறினார்.

"எறங்கும் மாமா. நடந்தா முந்திப் போயிரலாம்."

பாதித் தூரத்தில், ஓர் உடைமரத்தின் அருகில், வண்டி மீண்டும் நின்றது. பங்குனி வெயிலில் மணல் தணலாய்க் கிடந்தது. மதினியின் நாத்தனார் ஒருத்தி தேங்காய்க் கூடையோடு வந்து, இரக்கத்தோடு நின்றாள்.

"கோமதி, நீ இங்கனயே நெழல்ல இரேன். அரிசியக் குடு. ஒன் பேரச் சொல்லி நானே பொங்கிருதேன்."

எதற்கும் பதில் வைத்திருக்கும் மதினி தலைக்கவசத்தைக் கழற்றிக் காலடியில் வைத்தார். பானையிலிருந்து அரிசிப் பையை மெல்ல வெளியே எடுத்தார்.

அதைப் பார்த்த அண்ணாச்சி வாயிலிருந்து விசிலை எடுத்தார். நான் குடிவந்த நாளிலிருந்து, பகலில் விசில் இல்லாத அவர் வாயை அன்றுதான் பார்த்தேன்.

"ஏளா," என்றார் பைய. "நான் வேணா ஒன்னைய முதுகுல..."

"ஒங்க முதுகா? ஒங்களயே நாந்தான் தாங்க வேண்டியிருக்கு," என்றார் மதினி. குரலில் பழைய சூடு இல்லை.

வேறென்ன செய்வதென்று தெரியாமல், இந்த முறை விசில் ஊதாமலே, அண்ணாச்சி மூடியைத் திறந்தார்.

உஸ்ஸ்ஸ்.

மதினி சட்டென்று திரும்பினார். "என்ன சத்தம் அது?"

"எது?"

"இது மூச்சு விட்டுதுல்லா? மூடுங்க. ஏ பிள்ளே, நீ வண்டிய ஓட்டு. எல்லாரும் வாயப் பொத்திக்கிட்டு இருங்க."

ஓட்டினேன். சிறிது தூரத்தில் திக்கி நின்றது. மதினியே கையை நீட்டி மூடியைத் திறந்தார். உஸ்ஸ்ஸ். நாங்கள் மூவரும் அதைக் கேட்டோம்.

"தொறந்தா மூச்சு விடுதுன்னா, மூடுனா மூச்சு முட்டுதுன்னுதான அர்த்தம்?" என்றார் மதினி. "எண்ணெய் டின்னுல ஒரு ஓட்டய மட்டும் போட்டா எண்ணெய் வருமா? காத்து உள்ள போவ இன்னொரு ஓட்ட வேண்டாமா? இந்த மூடியில அது எங்கன?"

மூடியை வாங்கிப் புரட்டினேன். அடிப்பக்கத்தில் ஊசிமுனையளவு துளை இருந்தது. மேற்பக்கத்தில் அது எங்கே வெளிவர வேண்டுமோ, அங்கே சந்தனம் பூச்சின்மேல் பூச்சாக, குங்குமத்தோடு சேர்ந்து, செங்கல்லாக இறுகியிருந்தது. நாங்கள் என்ஜினில் ஒரு திருகு விடாமல் சோதித்தவர்கள். நெற்றியை எவரும் சோதிக்கவில்லை.

"சாஸ்தா சந்தனம்ளா!" என்று அண்ணாச்சி அலறினார். "சொரண்டப்படாது! மண்ணுல விழுந்தா மகாபாவம்!"

"மண்ணுல ஏன் விழுது? இங்கன குனியுங்க."

மதினி நகத்தால் சந்தனத்தைப் பெயர்த்து உள்ளங்கையில் ஏந்தி, தண்ணீர் விட்டுக் குழைத்து, அண்ணாச்சியின் நெற்றி முழுக்கப் பூசினார். மீந்ததை என் நெற்றியில் தீட்டினார். அப்போதும் மீந்தது, அண்ணாச்சியின் கழுத்துக்குப் போயிற்று. பிறகு தாலிச்சங்கிலியில் தொங்கிய ஊக்கு ஒன்றைக் கழற்றித் துளையில் குத்தி, ஒரு திருகு திருகி, மூடியை மாட்டி, தலைக்கவசத்தையும் மறுபடி போட்டுக்கொண்டார்.

"ம், எடு பிள்ளே."

கிளப்பினேன். என்ஜின் தெளிவாகப் பேசியது. ஆனால் பின்னாலிருந்து விசில் வரவில்லை. திரும்பிப் பார்த்தேன். நெற்றி நிறையச் சந்தனத்தோடு, விசில் மார்பில் தொங்க, அண்ணாச்சி வாய் திறந்து நின்றார். கண்ணில் மண் விழுந்துவிட்டதாகச் சொன்னார். காற்றே இல்லை.

மதினி எட்டி அந்த விசில் கயிற்றைப் பிடித்து அவரையும் சேர்த்து இழுத்து, தாமே ஊதினார். இரண்டு.

அதற்கப்புறம் நாங்கள் போன போக்கை என்னவென்று எழுதுவது? மேடேறினோம், பள்ளம் பாய்ந்தோம். விறகுக்காரப் பையன்களைத் தாண்டும்போது மதினி ஒரு கையால் பானையைக் கட்டிக்கொண்டு, "நடந்து வாங்கலே, பைய வாங்க!" என்று கையசைத்தார். தேங்காய்க் கூடை நாத்தனார் தடத்தை விட்டு விலகி வாயைப் பிளந்தாள். ஒரு கொல்லாங்கன்றையும் மிதிக்கவில்லை என்று உறுதியாகச் சொல்லுவேன். ஆனால் அன்று அதைக் கவனித்தேன் என்று சொல்ல மாட்டேன்.

உச்சிப் பூசைக்கு முன் மதினியின் பானை பொங்கி வழிந்தது. பெண்கள் குலவையிட்டார்கள். அண்ணாச்சி கூட்டத்தின் நடுவில் நின்று, சத்தத்தை வைத்தே நோயைக் கண்டுபிடித்த கதையை விளக்கிக்கொண்டிருந்தார்.

"யாரு காது கேட்டுச்சு?" என்று அடுப்படியிலிருந்து மதினி குரல் கொடுத்தார்.

"குடும்பத்துக் காதுதான!" என்றார் அண்ணாச்சி.

இப்போது நான் வேறு மாவட்டத்தில் வேலை பார்க்கிறேன்; ஆனாலும் உத்திரத்துக்கு உத்திரம் வந்து வண்டியை ஓட்டிவிட்டுப் போகிறேன். உத்திரத்தன்று சாலை முடிவில் முழங்கால் நொந்தவர்கள் கூட்டமாகக் காத்திருக்கிறார்கள். வண்டி போய்ப்போய் வருகிறது. மூடியில் இப்போது சந்தனம் இல்லை. மதினியின் கையால் நேரே அண்ணாச்சியின் நெற்றிக்குப் போய்விடுகிறது. விறகு சுமந்த பையன்களில் ஒருவன் ஓட்டுநர் உரிமம் எடுத்துவிட்டான் என்று கேள்விப்பட்டு, இந்த ஆண்டு நான் வர வேண்டியிருக்காது என்று தொலைபேசியில் சொன்னேன்.

"அவன் நல்லாத்தான் ஓட்டுதான்," என்றார் அண்ணாச்சி. "ஆனா அந்த சீட்டுல வேற டிரைவரப் போட எனக்கு மனசு வரலவே."

அப்புறம் இரண்டு விசில் மட்டும் கேட்டது. நான் பயணப் பெட்டியை எடுத்துத் தூசி தட்டினேன்.