சிவப்புச் சிப்பாயும் என் நாக்கும்

வீடு பார்க்கப் பெண் வீட்டார் வருகிற நாளில் எந்த மாப்பிள்ளையும் கண்ணாடியில் தலைமுடியைப் பார்ப்பான், மீசையைப் பார்ப்பான். நாக்கை நீட்டிப் பார்க்க மாட்டான். நானும் பார்க்கவில்லை.

எனக்கு ஒரு பொழுதுபோக்கு உண்டு. விரல் நுனி உயரமே உள்ள பழங்காலச் சிப்பாய்ப் பொம்மைகளுக்கு வர்ணம் பூசுவேன். பிறகு அவற்றை மேசைமேல் அணிவகுத்து வைத்து, கூட்டாளிகளோடு பகடை உருட்டிப் போர் விளையாடுவேன். (இந்த வயதில் பொம்மையா என்று கேட்காதீர்கள். அம்மா கேட்டுக் களைத்துவிட்டார்.) சட்டைப் பொத்தானுக்குப் புள்ளி வைக்கத் தூரிகையின் நுனி கூராக இருக்க வேண்டும். அதற்காக நுனியை நாக்கில் வைத்து உருட்டுவேன். கூடாத பழக்கம்தான், ஆனால் கை தானாக வாய்க்குப் போய்விடும்.

தர்ஷினியை ஒரு கல்யாண வீட்டில் பார்த்ததிலிருந்து எனக்கு வேறு பெண் வேண்டாம் என்றாகிவிட்டது. தரகர் பேசி, வத்தேகமையில் கடை வைத்திருக்கும் அவளுடைய அப்பாவும் அம்மாவும் கண்டியிலுள்ள எங்கள் வீட்டுக்கு வருவதாக ஏற்பாடு. பதற்றத்தை அடக்க, காலையிலிருந்தே நான் அந்தக் காலத்தில் கண்டிமேல் படையெடுத்து வந்த வெள்ளைக்காரச் சிப்பாய்களுக்குச் சிவப்புக் கோட்டு பூசிக்கொண்டிருந்தேன். வாசலில் அவர்களுடைய வான் வந்து நிற்கும் சத்தம் கேட்டதும் சட்டையை மாற்றிக்கொண்டு ஓடிப்போய், "வாங்க மாமா, வாங்க மாமி" என்று வாய் நிறையச் சிரித்தேன்.

மாமாவின் முகம் சுருங்கியது. மாமி கதிரையில் உட்காரவே யோசித்தார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டிருக்கிறேனோ என்று தடவிப் பார்த்தேன், சரியாகத்தான் இருந்தது.

"தம்பி, இந்தப் பழக்கம் எத்தன வருஷமா?" என்றார் மாமா.

தரகர் பொம்மைகளைப் பற்றிச் சொல்லியிருக்கிறார் என்று பூரித்துப்போனேன். "ஸ்கூல் காலத்துலேர்ந்து, மாமா."

"தெனமுமா?"

"வேல முடிஞ்சு வந்ததும் ஒக்காந்துருவேன். சாப்பாடுகூட மறந்துரும்."

"தனியாவா?"

"ஞாயித்துக்கெழம கெலிஓயாவுல கூட்டாளிமாரோட சேருவேன். பகடையும் உருட்டுவோம்."

மாமி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். இவ்வளவு ஆர்வமாகக் கேட்டுவிட்டு ஏன் இப்படி முழிக்கிறார்கள் என்று நானும் முழித்தேன்.

"கல்யாணத்துக்கு அப்புறமாச்சும் விட்டுருவீங்களா?"

"ஒங்க மகளுக்கும் பழக்கிக் குடுக்கலாம்னு இருக்கேன், மாமா."

மாமா எழுந்துவிட்டார். "எங்கண்ணன் பொயிலையும் வெத்தலையும் போட்டுப் போட்டே வாயில புத்து வந்து செத்தாரு. பாபுல் போடுறவருக்கு எம்மகளக் குடுக்க மாட்டேன்."

பாபுல் என்றால் போதைப் பாக்கு. நானோ வெறும் வெற்றிலையைக்கூடத் தொடாதவன். அப்போதுதான் தேத்தண்ணித் தட்டோடு வந்த அம்மா என்னைப் பார்த்து, "என்னடா, நாக்கெல்லாம் செவப்பா இருக்கு?" என்றார்.

காலையிலிருந்து நாக்கில் உருட்டிய சிவப்பு வர்ணம்! தர்ஷினி கைநழுவிப் போகிறாளே என்ற பயத்தில் உள்ளே ஓடி, ஒரு சிப்பாயையும் தூரிகையையும் அகப்பட்ட வர்ணத்தையும் தூக்கிவந்தேன். "இப்பிடித்தான் மாமா" என்று நீலத்தில் தோய்த்து, நாக்கில் உருட்டி, அவன் காற்சட்டையைப் பூசிக் காட்டினேன்.

மாமா என் நாக்கைப் பார்த்தார். இப்போது அது பாதி சிவப்பு, பாதி நீலம். சிப்பாயை வாங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு மெதுவாகக் கதிரையில் உட்கார்ந்து அம்மாவிடம், "அந்தத் தேத்தண்ணிய இப்பிடிக் குடுங்க, சம்பந்தி" என்றார்.

அந்தச் சொல்லைக் கேட்டதும் எனக்கு அழுகையே வந்துவிட்டது.

இன்றுவரை கல்யாண வீடோ கோயில் திருவிழாவோ, மாமா என் தோளில் கைபோட்டு நிறுத்தித்தான் அறிமுகப்படுத்துவார். "எங்க மருமகன் தங்கமானவரு. குடி, சிகரட், வெத்தல ஒண்ணும் கெடையாது. பெயின்ட் மட்டுந்தான் சாப்பிடுவாரு."