மூன்று பெட்டி மத்தி

"சாவியக் குடுங்கக்கா. ரெண்டு தவணை நிக்குது. வண்டிய எடுத்துட்டு வரச் சொல்லிட்டாங்க."

மீன்காரி அமிர்தம் சாவியைக் கைக்குள் மூடிக்கொண்டாள். கூத்தாநல்லூர் கடைத்தெருவில் மினி வேனை நிறுத்தி இன்னும் முதல் கூறுகூட வைக்கவில்லை, அதற்குள் ஃபைனான்ஸ் ஆள் வந்து நிற்கிறான். திருமுருகனாம் பெயர். மூக்கில் கைக்குட்டை வேறு. மீன் வாடை ஆகாதாம் துரைக்கு! மூன்று பெட்டி மத்தியையும் இன்று விற்றால்தான் கைக்காசோடு சேர்த்து நாளைக் காலை தவணையைக் கட்ட முடியும். வண்டி போனால் மீனும் போச்சு, பிழைப்பும் போச்சு.

திருச்சியில் சட்டம் படிக்கும் மகள் பூமிகாவுக்கு போன் போட்டாள்.

"பயப்படாதம்மா. முதல்ல ஐடி கார்டு கேளு."

கேட்டாள். போட்டோவோடு எடுத்து நீட்டினான். ஆபீஸ் லெட்டர் கேட்டாள். இருந்தது. நோட்டீஸ் கேட்டாள். அதைத் தபாலில் அவளே கையெழுத்துப் போட்டு வாங்கியதற்கான அட்டையைக் காட்டினான். பாவி, ஒன்றையும் விட்டுவைக்கவில்லை!

"நாலு பேருக்கு முன்னாடி உன் கடனப் பத்தி அவர் பேசக்கூடாதும்மா" என்றாள் பூமிகா.

"கேட்டுக்குங்க தம்பி!" அமிர்தம் தொண்டை கிழியக் கத்தினாள். "நான் ரெண்டு தவணை கட்டல, வாஸ்தவம். அத நாலு பேருக்கு முன்னாடி சொல்லக்கூடாது!"

"நான் சொல்லலையேக்கா."

டீக்கடை, வளையல் கடை எல்லாம் திரும்பிப் பார்த்தன. மானம் போனதுதான் மிச்சம். சாவியை இடுப்பில் இறுக்கிச் செருகிக்கொண்டாள்.

மகள் கடைசியாக இரண்டு விஷயம் சொன்னாள். வண்டிக்குள் இருக்கும் சாமான் அம்மாவுடையது; அவன் பட்டியல் எழுதிக் கையெழுத்துப் போட்டுத்தான் வண்டியைத் தொட வேண்டும். ராத்திரி ஏழு மணிக்கு மேல் அவன் வசூலுக்கு நிற்கவே கூடாது.

மணி ஐந்தரை.

"லிஸ்ட் எழுதுங்க தம்பி."

"மத்தி, மூணு பெட்டி."

"எத்தனை மத்தி? நாளைக்குக் குறைஞ்சா யாரு குடுப்பா?"

"கிலோ போட்டுரலாமா?"

"நான் கூறு வச்சு விக்கிறவ. எங்கிட்ட ஏது தராசு?"

எதிர் மளிகைக்கடையில் தராசு இரவல் வாங்கி வந்தான்.

"ஐஸோட சேத்தா நிறுப்பீங்க? ஐஸ் கரைஞ்சு எடை குறைஞ்சா நான் களவாணியா?"

தராசு திரும்பிப் போனது. அவன் கைக்குட்டையை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டு எண்ண உட்கார்ந்தான்.

அவள் போட்ட கூச்சலில் தெருவே கூடியிருந்தது. வந்தவர்கள் சும்மா நிற்கக் கூச்சப்பட்டு ஆளுக்கு இரண்டு கூறு கேட்டார்கள். வருகிற வியாபாரத்தை வேண்டாமென்பாளா? அள்ளிக் கொடுத்தாள். ஒவ்வொரு தடவையும் கணக்குக் கலைந்து அவன் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கினான்.

அவன் போன் அலறியது. மேனேஜர். ஸ்பீக்கரில் போட்டான், கையெல்லாம் செதில்.

"எடுத்துட்டியா?"

"எண்ணிக்கிட்டு இருக்கேன் சார்."

"பணமா?"

"மத்தி சார்."

மேனேஜர் சொன்னதை இங்கே எழுத முடியாது.

ஆறே முக்கால். ஒரு பெட்டிதான் மிச்சம், வாங்க ஆளில்லை. திருமுருகன் விரல் வேகமெடுத்தது. இருநூறு, முந்நூறு, நானூறு. பெட்டியின் அடி தெரிந்தது. அமிர்தம் போனில் மணியைப் பார்த்தாள். மாரியம்மா, பத்து நிமிஷம் தாங்கு தாயே!

"நானூத்து எண்பத்தெட்டு..." நிறுத்தினான். தலையைச் சொறிந்தான். "எழுபத்தெட்டாக்கா?"

"எனக்கென்ன தெரியும்?"

பெருமூச்சு விட்டுப் பெட்டியைக் கவிழ்த்தான். "ஒண்ணு... ரெண்டு..."

முந்நூறைத் தாண்டும்போது அவள் போனைத் தூக்கிக் காட்டினாள். "மணி ஏழு. கிளம்புங்க தம்பி!"

அவன் ஐஸ் தண்ணீரில் கையைக் கழுவினான். "காலையில மொத வேலையா கட்டிருங்கக்கா" என்று பைக்கை உதைத்துப் போய்விட்டான்.

மிச்ச மீனை மொத்தமாக வாங்க வந்தார் வாடிக்கைக்காரர் மெஹராஜ் பேகம். அமிர்தம் விழுந்து விழுந்து சிரித்தாள். "அந்தா போறான் பாருங்கம்மா. ஒன்றரை மணி நேரமா ஒரு பெட்டிய எண்ணி முடிக்கத் தெரியல. இவனெல்லாம் வசூலுக்கு வந்துட்டான்!"

மெஹராஜ் பேகம் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

"அது எல்லையம்மாள் மகன்தானே? நாகூர்ல எங்க வாப்பா வீட்டுக்கு அவங்க அம்மாவோட மீன் கொண்டு வரும் அந்தப் புள்ள. பெட்டிய ஒரு பார்வை பார்த்தாப் போதும், எத்தனை மத்தின்னு ஒண்ணு பிசகாம சொல்லிடும்."