உள்ளர்த்தம் சொக்கலிங்கம்

உள்ளர்த்தம் தேடுகிறவர் என்றொரு ஜீவராசி உண்டு. நீங்கள் மழைக்குக் குடை பிடித்தால், "குடை இருக்கட்டும், உண்மையில் எதிலிருந்து தப்பிக்கப் பார்க்கிறீர்கள்?" என்று கேட்பார். தேநீர் வேண்டாம் என்றால் அது எதிர்ப்பு. வேண்டும் என்றால் அடிபணிதல். பாதி குடித்துவிட்டு வைத்தீர்களோ, தொலைந்தீர்கள், அதற்கென்று தனி அத்தியாயமே எழுதிவிடுவார். ஒரு காலத்தில் இவர்களைக் கல்யாண வீடுகளில் மட்டும்தான் பார்க்க முடிந்தது, சம்பந்தி ஏன் இரண்டாம் தரம் பாயசம் வாங்கவில்லை என்று ஆராய்ந்தபடி. இப்போது சர்வதேச அமைப்புகள் இவர்களுக்குச் சம்பளம் கொடுத்து, 'பண்பாடு மற்றும் மொழி ஆய்வாளர்' என்று கழுத்தில் அட்டையும் மாட்டிவிடுகின்றன. எத்தனை பேர், எவ்வளவு என்று கேட்டால் முகம் சுளிப்பார்கள். எண்ணுவது குமாஸ்தா வேலை. அவர்கள் கேட்பது ஒன்றே: "அப்போது உள்ளுக்குள் என்ன நடந்தது?"

இந்த இனத்தில் தேர்ந்த மாதிரி சொக்கலிங்கம். கடலோரக் காடுகளைக் காக்கிற ஒரு சர்வதேச அமைப்பு, தன் கிளைகளில் பல மொழிக்காரர்கள் எப்படிக் கூடி வேலை செய்கிறார்கள் என்று பார்த்துவர அவரைப் போர்ட் பிளேருக்கு அனுப்பியது. அவருடையது ஒப்பந்த வேலை. கனமாக எதையாவது கண்டுபிடித்தால் நிரந்தரம்; இல்லையென்றால் வீடு. ஆகவே மனிதர் விமானத்திலிருந்து இறங்கும்போதே கண்ணை இடுக்கிக்கொண்டுதான் இறங்கினார்.

கிளை அலுவலகம் டெய்ரி ஃபார்ம் என்கிற பகுதியில் ஒரு வீட்டின் மாடியில் இருந்தது. நிர்வாகம் நீலாவதி, படகு ஓட்டுவது வின்சென்ட், நாற்றுகளைப் பார்த்துக்கொள்வது திக்லிபூர்க்கார வங்காளியான பிஸ்வாஸ் பாபு. நீலாவதியும் வின்சென்டும் தமிழில் பேசிக்கொண்டிருப்பார்கள். பிஸ்வாஸ் உள்ளே நுழைந்தால், தமிழில் தொடங்கிய வாக்கியம் நடுவழியிலேயே இந்திக்கு மாறிவிடும். தீவில் இது பழக்கம். மூன்றாமவர் உட்கார்ந்திருக்கும்போது அவருக்குப் புரியாததைப் பேசுவது, அவர் முகத்துக்கு நேரே கதவைச் சாத்துவது மாதிரி.

சொக்கலிங்கத்துக்கு இது போதுமா?

"பிஸ்வாஸ் வந்ததும் தமிழை விட்டுட்டீங்களே. அப்ப உள்ளுக்குள்ள என்ன நடந்தது?"

"ஒண்ணும் நடக்கலையே சார்" என்றாள் நீலாவதி.

"ஆழத்துல?"

"ஆழத்துலயா? காலையில புட்டு சாப்பிட்டேன். வேற ஒண்ணும் இருக்காது."

வின்சென்டிடம் போனார். கடல் அவருக்கு என்னவாக இருக்கிறது என்று கேட்டார். "ரோடு சார்" என்றார் வின்சென்ட். பிஸ்வாஸ் பாபு எந்தக் கேள்விக்கும் சிரித்தார், சிரித்துவிட்டு மீன் வேண்டுமா என்று கேட்டார்.

சந்தோஷமான அலுவலகம் ஆய்வாளருக்குப் பாலைவனம். ஒரு முணுமுணுப்பு உண்டா? ஒரு பொருமல்? யாராவது யாரையாவது ஒதுக்கியதுண்டா? எதுவும் இல்லை. எல்லோரும் ஒரே மேசையில் சாப்பிட்டார்கள், அடுத்தவர் டப்பாவில் கைவைத்தார்கள், ஏப்பம் விட்டார்கள். சொக்கலிங்கம் நாளொரு வாட்டமாக வாடினார். நீலாவதி பொறுக்க முடியாமல் கேட்டபோது உண்மையைக் கொட்டிவிட்டார்: "உங்களுக்குள்ள ஒரு சின்ன உரசலாவது இல்லைன்னா என் வேலை போயிடும்மா."

அன்று சாயங்காலம் மூவரும் கூடினார்கள்.

"பாவம்க்கா" என்றார் வின்சென்ட். "மெயின்லேண்டுல இருந்து வந்த மனுசன வெறுங்கையோடயா அனுப்ப?"

"சண்டைதானே கேக்கிறாரு? போட்டுட்டாப் போச்சு" என்றாள் நீலாவதி.

பிஸ்வாஸுக்கு விஷயம் இந்தியில் சொல்லப்பட்டது. அவர் தலையாட்டிவிட்டு ஒன்றுதான் கேட்டார்: "கித்னா படா?" எவ்வளவு பெரிய சண்டை வேண்டுமாம்?

மறுநாள் கூட்டத்தில் பிஸ்வாஸ் மேசையைக் குத்தி எழுந்தார். இனிமேல் கூட்டம் வங்காள மொழியில்தான் நடக்க வேண்டும் என்று முழங்கினார், இந்தியில். தமிழைத் தவிர வேறெதையும் காதில் வாங்கமாட்டேன் என்று வின்சென்ட் சீறினார், அதுவும் இந்தியில். வேறு வழி? வங்காளத்தில் திட்டினால் வின்சென்டுக்கு எப்படிப் புரியும்? தமிழில் திட்டினால் பிஸ்வாஸ் என்ன பதில் சொல்வார்? திட்டு வாங்குகிறவருக்கும் ஒரு மரியாதை உண்டல்லவா! உச்சக்கட்டத்தில் 'திமிர்' என்பதற்கு இந்தி வார்த்தை கிடைக்காமல் வின்சென்ட் தடுமாறியபோது, பிஸ்வாஸே அதை எடுத்துக் கொடுத்தார். வின்சென்ட் "சுக்ரியா பாபு" என்று நன்றி சொல்லிவிட்டு, அதே வார்த்தையால் அவரை ஏசினார்.

வாசகரே, அந்த நேரத்தில் உண்மை மேசைமேல் ஏறி நின்று கையாட்டிக்கொண்டிருந்தது. ஒரு பொருள் கண்ணுக்குத் தெரிகிறபடியேதான் இருக்கிறது என்று ஒப்புக்கொள்ள அறிவாளிகளுக்கு ஏனோ பெரிய கூச்சம். சொக்கலிங்கம் உண்மையைக் கடந்து ஆழத்துக்குப் போய்விட்டார். அவர் கண்கள் கலங்கின. "சண்டை போடக்கூடச் சொந்த மொழி இல்லாத மனிதர்கள்!"

அதுதான் கண்டுபிடிப்பு. தலைமையகம் குலுங்கிப்போனது. அறிக்கையைக் கேட்டு ஓர் அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்ததாகத் தகவல். சொக்கலிங்கத்தின் வேலை நிரந்தரமானது. சேதி வந்த அன்று டெய்ரி ஃபார்ம் மாடியில் ஜிலேபி வாங்கிக் கொண்டாடினார்கள். நல்ல மனிதர்கள்தான்; உதவி செய்யும்போது மட்டும் கொஞ்சம் யோசித்திருக்கலாம்.

ஏனென்றால் அடுத்து ஓர் ஆணை வந்தது. கூட்டங்களில் இனி அவரவர் தாய்மொழியில் மட்டுமே பேச வேண்டும். மொழிபெயர்ப்பாளர் நியமிக்கப்படுவார். நியமனத்துக்கு அனுமதி கிடைக்கும் வரை, கேட்பவர்கள் பேசுபவரின் உணர்ச்சியைக் கவனித்தால் போதும். கூட்டங்களின் ஒலிப்பதிவு தலைமையகத்துக்கு வர வேண்டும்.

பிஸ்வாஸ் நாற்றுகளைப் பற்றி வங்காளத்தில் பேசினார். மற்ற இருவரும் அவர் உணர்ச்சியைக் கவனித்தார்கள். நாற்று செத்துவிட்டதா தளிர்த்துவிட்டதா என்று விளங்கவில்லை. அடுத்த கூட்டத்தில் யாரும் வாயே திறக்கவில்லை. ஒருவரையொருவர் பார்த்துப் புன்னகைத்தார்கள், தேநீரோடு வராந்தாவுக்கு எழுந்து போனார்கள், அது ஆறுவதற்குள் எல்லாவற்றையும் இந்தியில் பேசி முடித்துவிட்டு, திரும்பி வந்து மறுபடி சும்மா உட்கார்ந்தார்கள்.

தலைமையகத்துக்குப் பதிவு போய்ச் சேர்ந்தது. அதில் மின்விசிறிச் சத்தம் மட்டுமே இருந்தது. 'கிளையில் ஆழ்ந்த மௌனம் நிலவுகிறது. ஆராயவும்' என்று கோப்பில் எழுதினார்கள். யாரை அனுப்புவார்கள்? நிரந்தர ஊழியருக்கு அதுவே முதல் பணி.

நீலாவதி வராந்தாவில் வைத்து விஷயத்தைச் சொன்னாள், மூவருக்கும் புரிகிற மொழியில்.

"சொக்கலிங்கம் சார் மறுபடி வர்றாரு."

"வேலைதான் கெடச்சிட்டுல்லா? இன்னும் என்ன வேணுமாம்?" வின்சென்டுக்கு ஆத்திரத்தில் தமிழ் வந்துவிட்டது. உடனே பிஸ்வாஸுக்காக அதை இந்தியிலும் சொன்னார்.

"நம்ம சும்மா இருக்கிறதுக்கு அர்த்தம் வேணுமாம். இந்தத் தடவை தயவுசெஞ்சு யாரும் அவருக்கு உதவி பண்ணாதீங்க."

சிரிக்கிறீர்களா? தாராளமாகச் சிரியுங்கள். ஆனால் நேற்று உங்கள் மைத்துனருக்கு வாட்ஸாப்பில் அவ்வளவு நீளமாக எழுதினீர்களே, அவர் பதிலுக்கு 'சரி' என்று மட்டும் போட்டாரே, அந்த ஒற்றைச் சொல்லை எத்தனை தரம் திறந்து பார்த்தீர்கள்? கோபமா, கேலியா, பக்கத்தில் அவர் மனைவி இருந்தாளா என்றெல்லாம் யோசித்தீர்களே, சரி என்று தோன்றியதால் சரி என்று எழுதியிருப்பார் என்று ஒரு தரமாவது நினைத்தீர்களா? நினைத்திருந்தால் தப்பித்தீர்கள். இல்லையென்றால் துணிமணிகளை எடுத்து வையுங்கள். சொக்கலிங்கம் உதவியாளர் ஒருவரைத் தேடிக்கொண்டிருக்கிறார்.