காதால் வைத்த டைமிங்

உயிர் உள்ளவரை காது மெஷின் மாட்டுவதில்லை என்று நான் சபதம் எடுத்திருக்கிறேன். டெட்ராய்ட் பக்கம் ஒரு பிரஸ் ஷாப்பில் முப்பத்தோரு வருஷம் கார் கதவுகளுக்குத் தகடு அடித்தவன் நான். அந்தச் சத்தத்துக்கே அசராத காது இது. என் மனைவி வாண்டாவுக்கு மட்டும் அதன்மேல் சந்தேகம்.

"ஏங்க, நாலு தடவை கூப்பிட்டேன்."

"மூணு தடவைதான் கூப்பிட்டே. எல்லாம் கேட்டுச்சு."

"கேட்டும் வாயத் தொறக்கலையா? அதுக்கு டாக்டர்கிட்ட மருந்து கிடையாதே!"

"எனக்கா காது கேக்காது? நம்ம பான்டியாக்குக்கு லைட் இல்லாம, வெறும் காதாலயே டைமிங் வைப்பேன் நான்!"

என் பான்டியாக் அறுபத்தொன்பதாம் வருஷத்து வண்டி. எட்டு சிலிண்டர். ஒவ்வொன்றிலும் பொறி பறக்கிற நேரத்துக்குத்தான் டைமிங் என்று பெயர். பொறியைப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டரை இந்தப் பக்கம் திருப்பினால் பொறி முந்தும், அந்தப் பக்கம் திருப்பினால் பிந்தும். அளவுக்கு மீறி முந்தினால், மேடு ஏறும்போது எஞ்சின் டக்டக்கென்று தட்டும். சாதாரண ஜனங்கள் அதற்கென்று இருக்கிற லைட்டை அடித்துப் பார்ப்பார்கள். சிங்கங்கள் காதால் வைக்கும்.

"வைங்க பாப்போம்" என்றாள் வாண்டா. "சனிக்கிழமை. பக்கத்து வீட்டு மில்டன்தான் நடுவர். மேம்பாலம் ஏறும்போது எஞ்சின் தட்டலேன்னா, காது மெஷின் பேச்சையே எடுக்க மாட்டேன்."

"தட்டினா?"

"மெஷின்தான். ரெண்டு காதுக்கும்."

உங்களிடம் மறைப்பானேன்? வெள்ளிக்கிழமை அவள் கடைக்குப் போன நேரம் பார்த்து, லைட்டை அடித்து டைமிங்கைக் கச்சிதமாகப் பத்து டிகிரியில் வைத்தேன். பிறகு அவளுடைய நகப்பூச்சை எடுத்து டிஸ்ட்ரிபியூட்டரில் ஒரு கோடு, அதற்கு நேர் கீழே எஞ்சினில் ஒரு கோடு இழுத்தேன். நாளைக்கு யார் எப்படிக் கலைத்தாலும், இரண்டு கோட்டையும் நேருக்கு நேர் நிறுத்தினால் தீர்ந்தது. காதுக்கு வேலையே இல்லை! எனக்கு நானே கைகொடுத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை மில்டன் மடக்கு நாற்காலியோடு வந்து உட்கார்ந்தான். வாண்டா தன் கையாலேயே டிஸ்ட்ரிபியூட்டரைக் கலைத்துவிட்டாள். நான் எஞ்சினைக் கிளப்பி, தலையைச் சாய்த்து, கண்ணை மூடினேன். முக்கால் கண்தான். கோடும் கோடும் சேர்ந்தன. போல்ட்டை முடுக்கினேன்.

"கேட்டியா? புலி மாதிரி உறுமுது!"

"கேட்டுச்சு, கேட்டுச்சு" என்றாள் அடக்கமாக. தோற்கப்போகிறவள் வேறெப்படிப் பேசுவாள்?

வாண்டா பக்கத்தில், மில்டன் பின்னால். தெரு முழுக்கக் கையை ஆட்டிக்கொண்டே போனேன். மேம்பாலம் வந்தது. மிதித்தேன். அடடா, என்ன கம்பீரம்! நடந்துபோனவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். ஒருவர் முகத்தைச் சுளித்தார். பொறாமை. கண்ணாடியில் பார்த்தால் மில்டன் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தான். பழகியவனுக்கும் பொறாமை! இன்னும் மிதித்தேன்.

"ஜெயிச்சேன்!" என்று ஸ்டியரிங்கில் குத்தினேன். இருபது வருஷத்தில் இவ்வளவு சந்தோஷமாக நான் இருந்ததில்லை.

மில்டன் என் தோளைப் பிடித்து உலுக்கி, காதுக்குள் அலறினான். "யோவ், கால எடுய்யா! தகர டப்பால கோலிக்குண்டு குலுக்கற மாதிரி தட்டுது! பிஸ்டன் போயிடும்!"

"தட்டுதா? எங்க தட்டுது?"

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

வீட்டுக்கு வந்ததும் மில்டன் லைட்டை அடித்தான். பத்து டிகிரி இருக்கவேண்டிய இடத்தில் இருபத்திரண்டு.

"இருக்கவே முடியாது! கோட்டுக்கு நேராத்தானே..." என்று ஆரம்பித்து நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

"உங்க கோட்டையா சொல்றீங்க?" என்றாள் வாண்டா. "பூச்சு பாட்டில மூடாம வச்சிட்டுப் போனா எனக்குத் தெரியாதா? நேத்தே மேல் கோட்ட அழிச்சிட்டேன். டிஸ்ட்ரிபியூட்டர்ல ஒரு நூல் தள்ளி நான் ஒண்ணு போட்டேன்."

"இது மோசடி!"

"மோசடிய ஆரம்பிச்சது யாரு?"

மில்டன் எஞ்சினுக்குள் குனிந்து பார்த்தான். விழுந்து விழுந்து சிரித்தான்.

"நீங்க போட்டது சிவப்பு. நான் போட்டது ஊதா" என்றாள் வாண்டா. "செவ்வாய்க்கிழமை காது டாக்டர். புதன்கிழமை கண் டாக்டர்."