இலவம்பஞ்சு கட்டிய அலகு

ஒரு காட்டில் சிங்கம் இருந்தது, புலியும் இருந்தது; அவர்களை விடுங்கள், நமக்கு வேண்டியவர் மாசிலாமணி என்ற மரங்கொத்தி. அந்தக் காட்டில் கோடைக்கான கிழங்கையும் காயையும் மரப்பொந்துகளில் நிரப்பி, வாயை மண்ணால் பூசி வைப்பார்கள். பொந்துக்கு ஓர் இனம் காவல்; கோடையில் எல்லோருக்கும் பங்கு. உள்ளே சரக்கு இருக்கிறதா என்று தட்டிப் பார்த்துச் சொல்ல ஒரு தணிக்கையாளர். நிறைந்த மரம் 'தொப்' என்னும், காலி மரம் 'டொங்' என்னும். கூத்து என்னவென்றால், அந்தப் பதவிக்கும் தேர்தல்தான். யாரைத் தணிக்கை செய்ய வேண்டுமோ அவர்களேதான் ஓட்டுப் போடுவார்கள்.

முதல் தேர்தலில் மாசிலாமணி அமோகமாக ஜெயித்தார். 'ஊழலைக் கொத்தும் அலகே!' என்று குரங்குகள் மரத்துக்கு மரம் ஃபிளெக்ஸ் கட்டின. எடுத்த எடுப்பில் காட்டுப்பன்றி வராகசாமி காவல் காத்த பொந்தைத் தட்டினார். டொங். காடே ஆடித் தீர்த்தது. அடுத்து அணில்களின் பொந்து, அதுவும் டொங். பத்திரமாக இருக்கட்டுமென்று வீட்டில் வைத்திருக்கிறோம் என்றன அணில்கள். கரடி, பத்தியத்துக்குக் கொஞ்சம் எடுத்தேன் என்றது. மான்களின் பொந்துகூட டொங்தான். குட்டியின் பிறந்தநாளாம், என்ன செய்ய.

அதற்கப்புறம் மாசிலாமணி வந்தால் யாரும் எழுந்து நிற்கவில்லை. மறு தேர்தல் நெருங்க நெருங்க அவர் கணக்குப் போட்டுப் பார்த்தார். தோற்றால் உச்சித் தேக்கில் இருக்கும் அரசாங்க வீடு போய்விடும். காலையில் வாசலுக்கே வரும் எறும்புமுட்டை போய்விடும். பழையபடி செல்லரித்த முருங்கைக்குத் திரும்ப வேண்டும், அவர் மனைவி வேறு அங்கே வரமாட்டேன் என்று சொல்லியாகிவிட்டது.

அந்த நேரம் பார்த்து வராகசாமி வாய்நிறைய இலவம்பஞ்சோடு வந்து அதைக் கீழே வைத்தார்.

"நீங்க நல்லவர்தான் ஐயா, அதை யாரு இல்லேன்னா? ஆனா ஓட்டு எங்ககிட்டல்ல இருக்கு. அலகுல சுளுக்குன்னு சொல்லி இதைக் கட்டிக்குங்க."

மாசிலாமணி கட்டிக்கொண்டார். அன்றைக்குத் தட்டிய மரமெல்லாம் 'தொப்' என்றது. காட்டுக்கே பரம சந்தோஷம். சுளுக்குக்கு எண்ணெய் கொண்டுவந்தவர்கள் எத்தனை பேர், பத்துப் போட்டவர்கள் எத்தனை பேர்! எதிர்த்து நிற்க ஆளில்லாமல் ஜெயித்தார்.

கோடை வந்தது. முதல் பொந்தின் பூச்சை உடைத்தார்கள்; ஒரு பல்லி வெளியே வந்து எல்லோரையும் பார்த்துவிட்டுப் போனது. மற்ற பொந்துகளில் அதுவும் இல்லை. மருதாயி என்ற மானின் குட்டி பசி தாங்காமல் உடைந்த பூச்சு மண்ணை நக்கியது. பாவம், அதற்கு என்ன தெரியும்.

கூட்டம் உச்சித் தேக்கின் அடியில் திரண்டது. இன்றோடு தொலைந்தோம் என்றே மாசிலாமணி நினைத்தார். மருதாயிதான் முன்னால் வந்தாள்.

"நீங்க தட்டும்போதே பஞ்சு சத்தம் எங்களுக்குக் கேட்டுது ஐயா."

"கேட்டுதுன்னா அன்னைக்கே ஏம்மா சொல்லல?"

மருதாயி குட்டியைப் பார்த்தாள். "நாங்க காவல் காத்த பொந்தும் காலியாத்தானே இருந்துச்சு."

அணில்கள் வாலைத் தடவிக்கொண்டன, கரடி வானத்தைப் பார்த்தது. வராகசாமிதான் தொண்டையைச் செருமி, நிறைந்திருந்த பொந்துகள் காலியானது எப்படி என்று விசாரிக்க ஒரு சிறப்புத் தணிக்கையாளர் வேண்டும், அதற்கும் தேர்தல் வைப்போம் என்றார். எல்லோருக்கும் மூச்சு வந்தது. அனுபவசாலி என்று பார்த்தால் ஒருவர்தானே இருக்கிறார். அந்த இடத்திலேயே மாசிலாமணி ஏகமனதாகத் தேர்வானார்.

குரங்குகள் மறுபடி ஃபிளெக்ஸ் கட்டின. மருதாயியின் குட்டி அதன் ஒரு மூலையைக் கடித்து இழுத்து, மென்று தின்ன ஆரம்பித்தது. அலகு படம் இருந்த மூலை.

நீதி: பசிக்கிற குட்டிக்கு ஓட்டு கிடையாது, ஆகவே தணிக்கைக்குக் கிளம்புமுன் பஞ்சை மறக்க வேண்டாம்.