ஏழு ஆண்களின் சராசரிச் சதை

மனிதச் சதைக்கு முதன்முதலில் உத்தியோகபூர்வமான சராசரி கண்ட பெருமை, வாவிக்கரையிலுள்ள எங்கள் ஆஸ்பத்திரிக்கே உரியது. சராசரி கண்ட குழுவின் செயலாளர் என்ற முறையில் இதை மிகுந்த தன்னடக்கத்தோடு சொல்கிறேன்.

விஷயம் எளிது. நோயாளிக்குக் கதிர்மருந்து ஏற்றினால் அது இதயத்தில் போய்ச் சேரும். அங்கிருந்து வரும் கதிரைக் கமெரா படமாக்கும். வழியில் தடித்த சதை இருந்தால் கொஞ்சக் கதிரை அது விழுங்கிவிடும்; நல்ல இதயமும் படத்தில் நோய்பட்டதுபோலக் கறுத்துப்போகும். சதையை அளந்து அந்தக் குறையைத் திருத்தும் இயந்திரமும் எங்களிடம் உண்டு. திறப்புவிழாவில் நாடா வெட்டப் பெரிய மனிதர் ஒருவர் கிடைக்காததால், பதினாறு மாதமாகப் பெட்டிக்குள் பத்திரமாக இருக்கிறது.

படத்தில் இந்தக் கறுப்பு விழுந்தது பெண்களுக்கே அதிகம். ஆகவே ஏழு ஆண்கள் கொண்ட குழு கூடியது.

"கதிர மறைக்கிறது எது?" என்று கேட்டார் தலைவர் வினாயகமூர்த்தி.

எல்லோரும் மின்விசிறியைப் பார்த்தோம். 'மேற்படி பகுதி' என்று குறிப்பெடுத்தேன். மேலே எதுவும் எழுதப்பட்டிருக்கவில்லை.

"மார்பகம் எண்டு கீழ சுவரிலயே ஒட்டியிரிக்கி, சேர்," என்றார் படம் எடுக்கும் றமீஸா.

"அது புற்றுநோய்ப் பகுதிச் சுவர். நாங்க கமெராப் பகுதி," என்றார் தலைவர்.

"அப்ப குப்புறப் படுக்க வெச்சி இன்னொரு படம் எடுப்பம். சதை விலகினாக் கறுப்பும் போயிரும்."

"குப்புறப் படுக்கச் சுற்றறிக்கை இரிக்கா?"

இருக்கவில்லை. பெண்களை அளப்பது பண்பாடல்ல என்பதால், குழு தன் ஏழு நெஞ்சுகளையே அளந்து சராசரி கண்டது. உறுப்பினர் நஸீர் மூச்சை உள்ளிழுத்துக்கொண்டதால் அவரை மட்டும் இரண்டு தடவை அளந்தோம். அந்தச் சராசரியே மாவட்டத்துப் பெண்கள் அனைவருக்கும் 'திருத்தம்' ஆனது.

அடுத்த வாரம் பெரியகல்லாற்றிலிருந்து இராசாத்தி வந்தார். ஊரார் ஆறு என்று சொல்லும் வாவியில் இறங்கி இறால் பிடித்துப் பிழைப்பவர். திருத்திய பிறகும் அவருக்குக் கறுப்பு அப்படியே இருந்தது. தண்ணீரில் இறங்கக் கூடாது, கொழும்புக்குப் போய் இதயத்துக்குக் குழாய் விட்டுப் பார்க்க வேண்டும் என்று துண்டுச் சீட்டு எழுதிக் கொடுத்தோம். றமீஸா அவரைக் கூட்டிப்போய்க் குப்புறப் படுக்க வைத்து இன்னொரு படம் எடுத்தார். கறுப்பைக் காணவில்லை.

குழு அவசரமாகக் கூடியது. 'அனுமதியின்றி நோயாளியின் நோயை அகற்றியமை' என்று றமீஸாவுக்குக் குற்றப்பத்திரம் எழுதிக்கொண்டிருந்தபோது, அவரிடம் முழுக்கதையும் கேட்டறிந்திருந்த இராசாத்தி உள்ளே வந்தார்.

"நான் நாளைக்கு ஆத்துல இறங்கலாமா, சேர்?"

"உங்கட கறுப்பு கோப்புல இரிக்கி, அம்மா," என்றார் தலைவர். "கோப்பு மூடுமட்டும் நீங்க நோயாளிதான்."

"முலை மறைச்சதுக்கு நெஞ்சக் கிண்டுறதா? அந்த ஒரு சொல்லச் சொல்றதுக்கு ஏழு ஆம்பிளைக்கும் வாய் வரல்லயா?"

துண்டைக் கிழித்து மேசையில் வைத்துவிட்டு ஆற்றுக்குப் போனார்.

அந்தச் சொல்லை அறிக்கையில் நான் சேர்க்கவில்லை. கண்ணியம் காத்ததற்காகத் தலைவர் என்னைப் பாராட்டினார். எனக்கு வெட்கமாக இருந்தது. குழு அமைவதற்கு முன்பே எங்கள் துண்டோடு பதினொரு பெண்கள் கொழும்புக்குப் போய்க் குழாய் விட்டுக்கொண்டு வந்திருந்தார்கள். பதினொரு பேருக்கும் இதயத்தில் ஒன்றுமில்லை என்று அங்கிருந்து அப்போதே கடிதங்கள் வந்திருந்தன. அவற்றை ஒன்றுவிடாமல் படித்து, கண்ணியமாகக் கோப்பில் போட்டுப் பூட்டியவன் நான்தான்.